பின்சக்கரமும் திரும்ப வேண்டுமா?

அத்தியாயம் பதினேழு

போன வாரம் மதியச் சாப்பாட்டு மேஜையில் அக்கா போட்ட குண்டு இன்னும் புகைந்துகொண்டுதான் இருக்கிறது.

ஐம்பத்து நாலு வயது. இருபத்தெட்டு வருஷமாக ஊரார் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும் டாக்டரம்மா. கல்யாணம் கில்யாணம் எதிலும் சிக்காமல் தன் வழியில் போய்க்கொண்டிருந்தவள். "வேகமா போற கார் ஒண்ணு புக் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தாள்.

மற்றவர்களுக்கு ஆச்சரியம். தம்பிக்கு மட்டும் வேறு வருத்தம். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அக்கா எப்படி புக் பண்ணலாம்?

தம்பிக்கு ஐம்பது வயதாகிறது, சொந்தமாக வீல் அலைன்மென்ட் பட்டறை வைத்திருக்கிறார். குடும்பத்தில் அவருக்குப் பெயர் நேர்கோட்டார். சாய்ந்த சக்கரத்தை நேராக்குவது தொழில். மற்றதை எல்லாம் நேராக்குவது குணம். பக்கத்து வீட்டுக் காலண்டர் கோணலாகத் தொங்கினால், கூப்பிடாமலே உள்ளே போய்ச் சரிசெய்துவிட்டு வருவார்.

வண்டியோ, கட்டிலோ, மாப்பிள்ளையோ, எதை எடுத்தாலும் அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடையதுதான். முப்பது வருஷத்தில் "நான் சொன்னது தப்பு" என்ற வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அவருக்கும் இல்லை.

அந்தப் புதன்கிழமை காலை அக்காவே போன் பண்ணினாள்.

"டேய், இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட என் ஆர்டரை மூடிடுவாங்களாம். அப்புறம் எதையும் மாத்த முடியாது. எல்லாம் முடிவாயிடுச்சு, ஒண்ணுதான் பாக்கி. ரியர் வீல் ஸ்டீயரிங் வேணுமா, வேணாமான்னு கேக்கறாங்க. நீ என்ன சொல்றியோ அதுதான்."

நேர்கோட்டாருக்கு ஒரு வாரத்து வருத்தம் ஒரே நொடியில் பறந்துவிட்டது. அக்கா கேட்டுவிட்டாள். கண்ணாடியில் ஒருதரம் முகத்தைப் பார்த்துக்கொண்டார். கண்ணாடி லேசாகச் சாய்ந்திருந்தது. நேராக்கினார்.

பத்து மணிக்குப் பட்டறை வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே இன்ஜின், ஒரே டயர். ஒன்றில் பின்சக்கரமும் திரும்பும். மற்றதில் திரும்பாது. கூடவே கையில் கோப்போடு ஷோரூமிலிருந்து ஒரு விற்பனைப் பெண்.

மாப்பிள்ளையும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். நேர்கோட்டாரின் மகளைக் கட்டிக்கொண்டு மூன்று மாதம்தான் ஆகிறது. பெரிய கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர் வேலை. மாமனார் முன்னால் வாயைத் திறந்தால் வம்பு என்று இன்னும் அவனுக்குச் சரியாகப் புரியவில்லை.

"மாமா, ரொம்ப சிம்பிள். மெதுவா போறப்போ முன்சக்கரம் ஒரு பக்கம் திரும்பினா பின்சக்கரம் எதிர்ப்பக்கம் கொஞ்சம் திரும்பும். வண்டி சின்ன இடத்துல வளைஞ்சுடும். வேகமா போறப்போ ரெண்டும் ஒரே பக்கம் திரும்பும். வளைவுல வண்டி அலையாம நிக்கும். எங்க கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் முழுக்கப் பின்சக்கரத்துலதான் திரும்புது, தெரியுமா?"

"எங்க அக்கா பெட்டி தூக்கவா போறா?"

"அதுக்கில்ல மாமா..."

"மாப்பிள்ளை, பின்சக்கரம் திரும்பக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துதான் நான் முப்பது வருஷமா சோறு சாப்பிடறேன். அது திரும்பினா பரவாயில்லைன்னு சொன்னா, நான் இத்தனை நாள் பண்ணினது என்ன?"

மாப்பிள்ளை டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டான்.

விற்பனைப் பெண் கோப்பைத் திறந்து, "சார், இதுல எது எதுன்னா..." என்று ஆரம்பித்தாள்.

நேர்கோட்டார் கையை உயர்த்தினார். "சொல்லாதீங்கம்மா. ஓட்டிப் பார்த்து நானே சொல்றேன். என் இடுப்பு சொல்லும்."

சொன்னால் போதுமா? நிரூபிக்க வேண்டாமா? எந்தக் கார் எது என்று அவளையே ஒரு தாளில் எழுதச் சொல்லி, கவரில் போட்டு ஒட்டச் சொன்னார். கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். தேர்தல் நடத்துவது மாதிரி ஒரு மிடுக்கு.

முதல் கார். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை, அப்புறம் குன்றின் மேல் ஏறும் பதினோரு வளைவுகள். பக்கத்தில் மாப்பிள்ளை, கைப்பிடியை இறுகப் பிடித்தபடி. நேர்கோட்டார் ஒவ்வொரு வளைவிலும் தலையை ஆட்டினார். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. வேகமாகப் பாதை மாறினாலும் வால் அசையவில்லை.

இரண்டாவது கார். அதே சாலை, அதே வளைவுகள். இதுவும் நல்ல வண்டிதான். ஆனால் குறுகலான வளைவுகளில் மூக்கு கொஞ்சம் தயங்கியது, பின்பக்கம் கொஞ்சம் தள்ளாடியது. நேர்கோட்டாரின் முகத்தில் வெற்றிப் புன்னகை விரிந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்" என்றார்.

"எதை மாமா?"

"பட்டறையில சொல்றேன். எல்லாருக்கும் சேர்த்து."

மதியம் பன்னிரண்டு மணிக்கு இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் அக்கா ஓடிவந்தாள், வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றாமல். நேர்கோட்டார் முதல் காரின் பானட்டில் கையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"அக்கா, இதுதான் ஒழுங்கான கார். பின்சக்கரம் கடவுள் வச்ச மாதிரி நேரா நிக்குது, அதான் வளைவுல இப்படிப் பிடிக்குது. அந்த ரெண்டாவதுதான் திரும்பற வகை. பின்னாடி யாரோ உட்கார்ந்துகிட்டு இன்னொரு ஸ்டீயரிங்கை ஆட்டற மாதிரி இருக்கு. வேணாம். காசையும் கொடுத்து வம்பையும் வாங்கற கதை. பேசாம விட்டுடு."

விற்பனைப் பெண் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், ஷூவைப் பார்த்தாள். "மேடம், அந்தக் கவரை ஒருதடவை பிரிச்சுப் பார்த்துடுங்களேன்" என்றாள்.

"எதுக்கும்மா?" என்றாள் அக்கா. "என் தம்பி சொன்னா சொன்னதுதான்." கவரைப் பிரிக்காமலே கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டாள். "நாலரைக்கு மேல ஃபோன்ல சொல்லிடறேன், அந்தக் கட்டத்துல டிக் போட வேணாம்னு."

அக்கா போய்விட்டாள். விற்பனைப் பெண் டீ குடிக்கப் பக்கத்துக் கடைக்குப் போனாள். போகும்போது ஏதோ முணுமுணுத்தாள். அது நேர்கோட்டார் காதில் விழவில்லை. அவர் காது முழுக்க அக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் இனித்துக்கொண்டிருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனிதர் யார்? தன் பட்டறைக்குள் வந்த வண்டியைக் கோணம் பார்க்காமல் வெளியே அனுப்பினால் அவருக்குத் தூக்கம் வராது. தான் தேர்ந்தெடுத்த 'ஒழுங்கான' காரை மேடையில் ஏற்றினார். நாலு சக்கரத்திலும் கருவியை மாட்டினார். திரையைப் பார்த்தார்.

முன்சக்கரம் இரண்டும் பச்சை. பின்சக்கரம் இரண்டும் சிவப்பு.

"அட, கம்பெனிக்காரங்களா!" என்று கத்தினார். "மாப்பிள்ளை, இங்க வாங்க! புது வண்டி, பின்சக்கரம் ரெண்டும் கோணல்! ரெண்டும் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு பாருங்க. இதை வச்சுக்கிட்டே இவ்வளவு நல்லா ஓடுதுன்னா, நான் நேராக்கிட்டா எப்படி ஓடும்!"

மாப்பிள்ளை திரையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "மாமா, கொஞ்சம் பொறுங்க, ஒருவேளை அது..."

பொறுக்கவாவது! நேர்கோட்டார் ஸ்பேனரோடு அடியில் புகுந்துவிட்டார். ஊரில் வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அலைன்மென்ட் பார்க்கத் தெரியாதவன் அடியில் போயிருக்க மாட்டான். தெரிந்தவனோ மாப்பிள்ளை பேச்சைக் கேட்டிருப்பான்.

டார்ச் அடித்தார். வெறும் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மோட்டார் இருந்தது. மோட்டாரிலிருந்து இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு இரண்டு கைகள் நீண்டிருந்தன. அசல் முன்சக்கர ஸ்டீயரிங் போலவே. தடிமனான வயர் வேறு. சக்கரம் கோணலாக இல்லை. ஸ்டீயரிங் வளைந்திருந்தபோதே அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, அப்புறம் முன்சக்கரத்தை மட்டும் நேராக்கியிருந்தார், பின்சக்கரம் அந்தத் திருப்பத்திலேயே நின்றுவிட்டிருந்தது.

நேர்கோட்டார் இரண்டாவது காரின் அடியிலும் போய் டார்ச் அடித்துப் பார்த்தார். மோட்டாரும் இல்லை, கையும் இல்லை. சாதுவான, நேரான, வெறும் கம்பி.

அப்படியே தரையில் மல்லாந்து கிடந்தார்.

"மாமா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"அடிபட்டுடுச்சா?"

"ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல."

மாப்பிள்ளை குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். மோட்டார் இல்லாத அந்த வெறும் கம்பியைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான். தரையில் கிடந்த டார்ச்சை எடுத்து அணைத்தான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால்கூட நேர்கோட்டாருக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

வெளியே வந்ததும் அவர் சப்பைக்கட்டு கட்ட ஆரம்பித்தார். "இது இல்லாட்டி என்ன இப்போ? எடை குறையும். கெட்டுப் போக ஒரு சாமான் கம்மி. அந்த மோட்டார் மக்கர் பண்ணினா என் பட்டறையில பார்க்க முடியாது, கம்பெனிக்குத்தான் போகணும். அக்கா என்ன ரேஸா ஓட்டப் போறா? இல்லாமலே நல்லாத்தான் இருக்கும்."

"இருக்கும் மாமா" என்றான் மாப்பிள்ளை. "டாக்டர் அத்தை வீட்டு பேஸ்மென்ட்ல மட்டும் ஒருதடவை ஓட்டிப் பார்த்துட்டா நிம்மதியா சொல்லிடலாம்."

நல்ல பையன். ஆனால் அந்த நேரத்தில் அவன் நல்லவனாக இருந்ததுதான் நேர்கோட்டாருக்குப் பொறுக்கவில்லை.

மூன்று மணிக்கு, விற்பனைப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, அவளையும் ஏற்றிக்கொண்டு, அக்காவின் அடுக்ககத்துக்கு இரண்டு கார்களையும் கொண்டுபோனார்கள். கீழே இறங்கும் சரிவு ஆளை ஏமாற்றும் அளவுக்குக் குறுகல். இறங்கியதும் உடனே ஒரு திருப்பம், திருப்பத்தில் ஒரு தூண். தூணில் எல்லா நிறத்திலும் பெயின்ட் ஒட்டியிருந்தது.

முதலில் சாதாரணக் கார். இறங்கினார், திருப்பினார், தூண் முன்னால் வந்து நின்றது. பின்னால் எடுத்தார். முன்னால் விட்டார். சென்சார் பீப் பீப் என்று அலறியது. மறுபடி பின்னால். நாலாவது முயற்சியில்தான் வண்டி உள்ளே போனது. அவருக்கே கை வலித்தது.

அப்புறம் மோட்டார் வைத்த கார். வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாகத் திருப்பினார். எப்படியாவது இடிபட்டுத் தொலையட்டும் என்ற நப்பாசைதான். வண்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. நம்ப முடியாமல் வெளியே எடுத்து மறுபடி இறங்கினார். மறுபடியும் ஒரே வீச்சில்.

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து வந்தார்.

"நல்லா இருக்கே சார் இந்த வண்டி! டாக்டரம்மாவுக்கா? பாவம், அவங்க தினம் இந்தத் தூண்கிட்ட நாலு தடவை முன்னும் பின்னும் போவாங்க. ஒவ்வொரு தடவையும் வலது தோளைப் பிடிச்சுக்குவாங்க. குனிஞ்சு குனிஞ்சு பல்லு பார்த்து அந்தத் தோள் போயிடுச்சாம். நான் ஓட்டித் தரேன்னு சொல்வேன், கேட்க மாட்டாங்க."

நேர்கோட்டாருக்குச் சுருக்கென்று தைத்தது. அக்காவுக்குத் தோள் வலி என்று காவலாளிக்குத் தெரிந்திருக்கிறது. இருபது வருஷமாக அவளுடைய ஒவ்வொரு காரின் சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தவருக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதும் இல்லை, அவர் கேட்டதும் இல்லை. எதைக் கேட்டிருக்கிறார்? சொல்லத்தான் சொல்லியிருக்கிறார்.

மணி நாலு இருபது.

"மாப்பிள்ளை, கிளினிக்குக்கு விடுங்க."

"ஃபோன்ல சொல்லிடலாமே மாமா?"

"தப்பைச் சொல்றதை ஃபோன்ல எப்படிச் சொல்றது? எனக்குப் பழக்கமில்லை."

கிளினிக்கில் முன்மேஜையில் அவருடைய மனைவிதான் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வருஷமாக நாத்தனாரிடம் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்குவது அவள் வேலை. கணவன் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, யாரையாவது இடிச்சுட்டீங்களா?"

"இடிச்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு நேராக உள்ளே போனார்.

உள்ளே நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்தபடி கிடந்தார். உதடு மரத்துப் போக ஊசி போட்டாகிவிட்டது. அக்கா கையில் கருவியோடு குனிந்திருந்தாள். இடது கையால் வலது தோளை ஒருதரம் அழுத்திக்கொண்டதை நேர்கோட்டார் இப்போதுதான், முதல் தடவையாகப் பார்த்தார்.

"என்னடா, வேலை நேரத்துல?"

"அக்கா... அந்த டிக்..."

"போட வேணாம்னு இப்போ சொல்லப் போறேன்."

"போடு."

"என்னது?"

நேர்கோட்டார் வாசலைப் பார்த்தார். மனைவியும் மாப்பிள்ளையும் கதவில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கோப்பை மார்போடு அணைத்தபடி விற்பனைப் பெண். நாற்காலிக்காரர் வேறு வாயைப் பிளந்துகொண்டு கண்ணை உருட்டி அவரையே பார்த்தார். தப்பி ஓட வழியில்லை.

"நான் சொன்னது தப்பு" என்றார்.

அக்கா நாற்காலிக்காரர் வாயிலிருந்து உறிஞ்சு குழாயை எடுத்தாள்.

"எனக்குப் பிடிச்ச கார்லதான் பின்சக்கரம் திரும்புது. நான் திட்டினதுலதான் திரும்பலை. அடியில போய்ப் பார்த்தேன். உன் பேஸ்மென்ட்லயும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாருக்கும் இது வேணும்னு சொல்ல மாட்டேன்கா. நேர் ரோட்டுல மட்டும் போறவனுக்கு இது வீண் பாரம். கெட்டுப் போனா செலவும் ஜாஸ்தி. ஆனா உனக்கு வேணும். குன்று ரோட்டுக்கும் வேணும், அந்தத் தூணுக்கும் வேணும், உன் தோளுக்கும் வேணும். சந்தேகமா இருந்தா கவரைப் பிரிச்சுப் பாரு."

"எதுக்கு? அதான் நீயே சொல்றியே" என்றாள் அக்கா. விற்பனைப் பெண்ணைப் பார்த்து, "டிக் போட்டுடும்மா" என்றாள்.

"போட்டாச்சு மேடம்!" அவள் போட்ட வேகத்தைப் பார்த்தால் காலையிலிருந்தே பேனாவைத் திறந்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

அவ்வளவுதான், முடிந்தது என்று நேர்கோட்டார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பாவம். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு தீர்ப்பு தப்பாகிவிட்டால், மற்ற தீர்ப்புகள் சும்மா இருக்குமா?

மனைவி ஆரம்பித்தாள். "அப்போ வடக்குப் பக்க ஜன்னல் வேணாம்னு சுவர் வைக்கச் சொன்னீங்களே? பதினெட்டு வருஷமா இருட்டுல சமைக்கிறேன்."

"அது வேற..."

"மாமா, கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பத்தி ஒண்ணு சொன்னீங்களாமே" என்றான் மாப்பிள்ளை, இத்தனை நாள் இல்லாத தைரியத்தோடு. "'பையன் ஒரு இடத்துல நிலையா நிக்க மாட்டேங்கறான்'னு. அன்னைக்கு எனக்கு வயிறு சரியில்லை மாமா. அதான் நின்னுக்கிட்டே இருக்க முடியலை."

நாற்காலிக்காரர்கூடக் கையைத் தூக்கினார். மரத்த உதட்டோடு ஏதோ சொல்ல முயன்று, முடியாமல், தன் வண்டி இடப்பக்கமாக இழுக்கிறது என்று கையால் காட்டினார். பட்டறை வாடிக்கையாளர்!

எல்லோரும் சிரித்தார்கள். நேர்கோட்டாரும் அசடு வழியச் சிரித்தார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றினாள்.

"இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சர்வேயரைப் பத்தி நீ சொன்னியே, ஞாபகம் இருக்கா? என்னைக் கட்டிக்கறேன்னு கேட்டாரே. 'அவர் நடையே சரியில்லைக்கா, ஒரு பக்கமா சாயறார், இந்த ஆளை நம்பாதே'ன்னு சொன்னே."

நாற்காலிக்காரர் தூக்கிய கையைக் கீழே இறக்கினார்.

"எத்தனை தடவை பார்த்துட்டுடா அதைச் சொன்னே?"

"ஒரு தடவைதான்கா. ரோட்டைத் தாண்டறப்போ."

"அன்னைக்கு அவர் புதுச் செருப்பு போட்டிருந்தார். கடிச்சுது. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன்கா நீ அப்போ ஒண்ணும் சொல்லலை?"

"நீ சொன்னா சொன்னதுதானே" என்றாள் அக்கா.

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. மதியம் தேனாக இனித்த அதே வாக்கியம் இப்போது கசந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஒரே நாளில் இரண்டு தடவை அவருக்குப் பழக்கமில்லை. கண் மட்டும் கலங்கியது.

அக்கா புதுக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். தம்பி மனைவி பக்கம் திரும்பி நாத்தனார் குரலில், "நாளைக்குப் பத்தரை மணிக்கு யாரு?" என்று கேட்டாள்.

மனைவி கையிலிருந்த நோட்டைப் புரட்டினாள். "கடைவாய்ப் பல் வலின்னு மூணு வாரமா வராரே, அந்தப் பெரியவர். பேரைக் கேட்டா எழுத வேணாம், டாக்டருக்குத் தெரியும்னு சொல்வார். அவருக்கு..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"அவருக்குப் பல்லுல ஒரு கோளாறும் இல்லை" என்றாள் அக்கா. தம்பியைப் பார்த்தாள். "டேய், நாளைக்கு நீயும் வா. அவர் நடையை நல்லாப் பாரு. ஆனா ஒண்ணும் சொல்லாதே."